பெண்கள் உடம்பும் ஐந்தாவது வருஷத்துக் கணக்கும்

பெண்மக்களுக்கு வரும் நோய்களில் வாய்விட்டுச் சொல்லப்படாத நோய் ஒன்று உண்டு. அதாவது, கர்ப்பப்பை முதலிய உறுப்புகள் தம் இடத்தை விட்டுக் கீழே இறங்கிவிடுவதாகும். பிள்ளைப் பேற்றால் தசைகள் நைந்து போவதும் வயது முதிர்வதும் இதற்கு முக்கிய காரணங்கள். ஆனால் நம் வீடுகளிலோ, “தலைவிதி” என்பதும், “வெளியே சொல்லாதே” என்பதும்தான் இதற்கு வைத்தியமாக இருந்து வருகின்றன. இதைப் பேசுவது ஆபாசம் என்பவர்கள், தாங்கள் எவ்வுடம்பிலிருந்து பிறந்தார்கள் என்பதைச் சற்று யோசிப்பார்களாக.

இதற்கு இரண சிகிச்சை உண்டு. அது எத்தனை வருஷம் நிற்கும் என்பதே நமது கேள்வி. அமெரிக்காவில் சொந்தத் தசைநாரைக் கொண்டே தைக்கும் இரண்டு முறைகளை 5 வருஷம் தொடர்ந்து சோதித்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். வைத்தியர்கள் வகுத்த கண்டிப்பான அளவுகோலின்படி, ஒரு முறையில் 100-க்கு 61 பேருக்கும், மற்றதில் 70 பேருக்கும் சிகிச்சை தோற்றதாகக் கணக்காயிற்று. ஆனால் மறு சிகிச்சைக்குப் போனவர்கள் 100-க்கு 8 முதல் 12 பேர்தான். முன்னிருந்த உபத்திரவம் குறைந்த நன்மையும் 5 வருஷம் வரை நின்றது. ஆகவே சிகிச்சை வீண் என்பதும் பொய். ஒருமுறை செய்தால் ஆயுளுக்கும் போதும் என்பதும் பொய்.

இனி வலையின் கதையைப் பாருங்கள். யோனி வழியாக வைத்துத் தைக்கும் செயற்கை வலைக்கு அமெரிக்க சர்க்கார் 2002-ல் அனுமதி கொடுத்தது. எதனால்? முன்பிருந்த சாதனத்தைப் போன்றது என்பதனால்! புதிதாகப் பெண்களிடம் சோதித்துப் பார்த்ததனால் அல்ல. வலை சதையை அரித்து வெளிவந்தது, நோவு தீரவில்லை. 2011-ல் எச்சரிக்கை செய்து, 2019-ல்தான் விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள். இங்கிலாந்தில் 2018-ல் நிறுத்தி வைத்தார்கள். பெண்கள் முறையிட்டும் காது கொடுத்துக் கேட்கப்படவில்லை என்று 2020-ல் அங்கு வெளிவந்த விசாரணை அறிக்கையே ஒப்புக்கொண்டது.

முன்னோர் சொன்னார் என்று நம்புவது மூடத்தனமானால், முன்பிருந்ததைப் போன்றது என்று நம்புவது மட்டும் அறிவாகுமா? வலையைக் கண்டுபிடித்ததும் விஞ்ஞானம் என்பார்கள். அதன் கேட்டைக் கணக்கெடுத்துக் காட்டியதும் விஞ்ஞானமே. கணக்குக் காட்டாத விஞ்ஞானம் வெறும் வியாபாரமேயாகும்.

தோழர்களே! உங்கள் வீட்டுப் பெண்களை மறைக்கச் சொல்லாதீர்கள். வைத்தியரிடம் போகச் சொல்லுங்கள். இரண சிகிச்சையன்றி, உள்ளே வைக்கும் வளையமும், தசைப் பயிற்சியும் உண்டு. எந்த முறை, எத்தனை வருஷத்துக் கணக்கு, மறுபடி இறங்கினால் என்ன வழி என்று வைத்தியரைக் கேட்கச் சொல்லுங்கள். முடிவு செய்ய வேண்டியது புருஷனுமல்ல, மாமியாருமல்ல. உடம்பு யாருடையதோ, அவளேயாவாள்.