ஒரே ஊருக்கு எதற்கு இரண்டு தடவை?



ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் மியூரன் கிராமத்துக்கே மறுபடியும் போய் வந்தோம் என்றதும், "அந்தப் பணத்தில் பாரிஸ், ரோம் எல்லாம் பார்த்திருக்கலாமே" என்று குடும்பக் குழுவில் ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். தனித்தனியே பதில் எழுத விரல் ஒத்துழைக்கவில்லை. இங்கேயே சொல்கிறேன்: ஆல்ப்ஸ் கிராமத்தைக் கோடையிலும் பார்க்க வேண்டும், குளிர்காலத்திலும் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்ப்பது பாதிப் பாடம்.

மியூரன் சுமார் 1,640 மீட்டர் உயரத்தில், பாறை விளிம்பில் இருக்கிறது. கார் போகாது. லாட்டர்புருனன் பள்ளத்தாக்கிலிருந்து ரோப் காரில் ஏறி, மேலே ஒரு குட்டி ரயில் பிடிக்கலாம். 1891-இல் வந்த ரயில் பாதை அது. எதிரே ஐகர், மோன்ச், யுங்ஃபிராவ் சிகரங்கள். சமையலறையோடு வீடு வாடகைக்குக் கிடைக்கும். (என் வீட்டம்மா பருப்புப்பொடியைச் சுமந்து வந்தது தனிக்கதை.)

ஜூலையில் போனபோது, டிராக்டர் ஏறாத சரிவுகளில் தள்ளும் இயந்திரத்தாலும் நீளப்பிடி அரிவாளாலும் புல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். மாடுகள் இன்னும் மேலே மேய்ச்சலில். மணிச்சத்தம் மட்டும் கீழே வரும். அறுத்துக் காய்ந்த புல்தான் குளிர்காலத்தில் தொழுவத்து மாடுகளுக்குத் தீனி. ஜனவரியில் அதே சரிவில் பிள்ளைகள் பனிச்சறுக்கு விளையாடுகிறார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டு. அறுக்காமல் விட்ட நீளப் புல் சாய்ந்து படுத்துவிட்டால், அதன்மேல் விழும் பனி சுலபமாக வழுக்கிச் சரியும். அதாவது, அரிவாள் பிடித்தவரின் உழைப்பும் அந்தப் பனிக்கு அடியில் இருக்கிறது. செங்குத்துச் சரிவில் பாடுபடும் விவசாயிக்கு அரசாங்கம் கூடுதல் பணம் கொடுப்பதும் சும்மா இல்லை. பருவத்துக்கேற்ப மேய்ச்சல் இடம் மாறுவதை உங்களுக்கு இரண்டு மதிப்பெண் கேள்வியாக எத்தனை முறை கொடுத்திருப்பேன்! அங்கே அது ஓர் ஊரின் பிழைப்பு.

இன்னொரு செய்தி. இன்றைய ஸ்லாலம் பந்தயத்தை 1922-இல் இந்த ஊர்ச் சரிவில்தான் ஆர்னால்டு லன் என்ற ஆங்கிலேயர் நடத்திக் காட்டினார். அவர் 1888-இல் பிறந்தது நம் சென்னையில்! 1931-இல் ஆல்பைன் பனிச்சறுக்கின் முதல் உலகப் போட்டியும் இங்கேயே நடந்தது.

செலவு அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் பத்து நாளில் ஏழு நாடு என்று ஓடி, 3,454 மீட்டர் உயர யுங்ஃபிராவ்யோக் நிலையத்தில் படம் எடுத்துவிட்டு அடுத்த பேருந்துக்கு ஓடுவது மட்டும் மலிவா? அதில் நாலு நாட்டைக் குறையுங்கள். ஒரே கிராமத்தில் ஒரு வாரம் இருங்கள். மறுமுறை வாய்ப்பு வந்தால், வேறு பருவத்தில் அங்கேயே போங்கள்.

சறுக்கத் தெரிய வேண்டியதில்லை. எனக்கும் தெரியாது. குளிர்காலத்திலும் நடப்பதற்கென்று பனியைச் சமன்செய்து பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். மூட்டுவலிக்காரர்கள் முதல் பயணத்தைக் கோடையில் வைத்துக்கொள்ளுங்கள். மே முதல் பாதியும் நவம்பரும் வேண்டாம். இரண்டு பருவத்துக்கும் நடுவில் பல விடுதிகள் பூட்டியிருக்கும், ரோப் காரையும் பழுது பார்ப்பார்கள்.