நஞ்சுக்கு மருந்து என்று பெயர்!

நோயைத் தீர்ப்பது மருந்து; உயிரைக் கொல்வது நஞ்சு. இது சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால் செடிக்கு அடிக்கும் நஞ்சுக்கு மட்டும் "மருந்து" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் மாறியதும் பயமும் போய்விட்டது!

கல்வராயன் மலை அடிவாரத்து வடக்கனந்தலும் இதற்கு விலக்கல்ல. பனிக்காலத்தில் வீட்டுக் கொல்லை அவரைக் கொடியின் நுனியில் கருப்பாக அசுவினி மொய்க்கும். உடனே மருந்துக் கடைக்கு ஓட்டம். இன்று அடிப்பது, நாளை மறுநாள் அதே காயைப் பறித்துக் குழம்பு வைப்பது. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளுக்குத் தெளிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை வந்தது. எந்தப் பயிருக்கு எந்த நஞ்சு, தெளித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிப்பது என்பதையெல்லாம் கேட்டு வாங்குபவர் எத்தனை பேர்?

சரி, அசுவினியாவது ஒழிகிறதா? அதுவும் இல்லை. அசுவினி ஆண் துணையின்றியே குட்டி போடும். அக்குட்டி ஒரு வாரம், பத்து நாளில் தானும் குட்டி போடத் தொடங்கும். அதைத் தின்னும் பொறிவண்டோ முட்டை, புழு, கூட்டுப்புழு என்று வளர மூன்று நான்கு வாரம் ஆகும். நஞ்சு இரண்டையும் கொல்கிறது. தப்பிய அசுவினி முதலில் பெருகுகிறது, தடுக்க ஆளில்லை. பிறகு மறுபடி மருந்து! போதாக்குறைக்கு யூரியாவை அள்ளிப் போட்டு, அசுவினி விரும்பும் இளந்தளிரை வளர்த்தும் கொடுக்கிறார்கள். பொறிவண்டின் புழுவைப் பார்த்தால் அதையும் "பூச்சி" என்று நசுக்குகிறார்கள். காவல்காரனைக் கொன்றுவிட்டுத் திருடனைத் தேடுவது இதுதான்.

"வேப்பங்கொட்டைக் கரைசல் உடனே கொல்லாதே" என்பார்கள். உண்மைதான். ஆனால் நாலு அவரைக் கொடிக்கு என்ன அவசரம்? மொய்த்த நுனியைக் கிள்ளி எறியலாம். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி உதிர்க்கலாம். லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். அசுவினியின் தேன்கழிவுக்காக அதற்குக் காவல் நிற்கும் எறும்பை விரட்டலாம். ஓரத்தில் காராமணி விதைத்தால் பொறிவண்டு தானே வந்து தங்கும்.

விற்பனைக்குப் பயிரிடுபவருக்குக் கடன், சந்தை என்று ஆயிரம் நெருக்கடி உண்டு. தன் பிள்ளைக்கு ஊட்டும் காய்க்கு நஞ்சடிப்பவருக்கு என்ன நெருக்கடி? முதலில் அந்தப் புட்டியை "மருந்து" என்று சொல்வதை நிறுத்தட்டும். நஞ்சு என்று வாய் சொன்னால், கை தானாகத் தயங்கும்!