கொட்டகையில் செய்த சந்திரன்

ஆகாய விஷயமென்றால் அது தேவர்களுக்குச் சொந்தம். அல்லது கோடிக்கணக்கில் பணம் படைத்த சர்க்கார்களுக்குச் சொந்தம். சாதாரண மக்கள் அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக் கொள்ள மாத்திரமே யோக்கியதையுடையவர்கள் என்று நம் மக்கள் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். இவ்வெண்ணம் தவறு என்பதற்கு 1961-ம் வருஷத்திலேயே கண்கூடான ருஜு ஏற்பட்டு விட்டது.

அமெரிக்காவில் கலிபோர்னியாவில் சில அமெச்சூர் ரேடியோக்காரர்கள், அதாவது பிழைப்புக்காகவன்றி ஆசைக்காக ரேடியோ செய்து பேசுகிறவர்கள், ஓய்வு நேரத்தில் தங்கள் வீட்டுக் கொட்டகைகளில் ஒரு செயற்கைக்கோள் செய்தார்கள். பெயர் ஆஸ்கார், எடை சுமார் நாலரை கிலோ. ராக்கெட் அவர்களுடையதல்ல, சர்க்காருடையது. ஆனால் அதில் நிறையைச் சரிக்கட்ட வெறும் பாரம் வைப்பதுண்டு. அந்தப் பாரத்தின் இடத்தைத் தங்கள் பெட்டிக்குக் கேட்டு வாங்கினார்கள். டிசம்பர் 12-ந் தேதி ராக்கெட் ஏறிற்று. ஒரு சாதாரண சுருள்வில் பெட்டியை வெளியே தள்ளிற்று.

அப்பெட்டி என்ன செய்தது? டார்ச் விளக்குக்கு வேண்டியதினும் குறைந்த மின்சாரத்தில், மோர்ஸ் தந்தி முறையில் முதலில் நாலு புள்ளி, பிறகு இரண்டு புள்ளி, அதாவது ‘ஹை’ என்ற வந்தனத்தைச் சொல்லிக் கொண்டே பூமியைச் சுற்றிற்று. பெட்டிக்குள் உஷ்ணம் மாறினால் வந்தனத்தின் வேகமும் மாறும். ஆகவே ரேடியோவும் கடிகாரமும் உள்ளவன் ஆகாயத்திலுள்ள பெட்டியின் சூட்டைத் தன் வீட்டிலிருந்தே அளக்கலாம். 28 தேசங்களிலிருந்து 570 பேருக்கு மேல் அதைக் கேட்டு எழுதினார்கள். சுமார் மூன்று வாரத்தில் பேட்டரி தீர்ந்தது.

1970-ல் மெல்போர்ன் சர்வகலாசாலை மாணவர்கள் செய்த செயற்கைக்கோளுக்கு ஏரியல் எது தெரியுமா? தச்சர்கள் மரம் அளக்கும் இரும்பு நாடாதான்! சுருட்டி வைத்தால் அடங்கும், விட்டால் நிமிரும். காரணம் தெரிந்தவனுக்குத் தச்சன் பெட்டியிலேயே பாதிச் சாமான் கிடைக்கிறது.

மற்றொரு சங்கதி. 1974-ல் ஏறிய ஏழாவது ஆஸ்கார் 1981-ல் பேட்டரி கெட்டு ஊமையாயிற்று. 21 வருஷங் கழித்து 2002-ல் திடீரென்று பேசிற்று! நம் ஊராயிருந்தால் இதற்குள் ஒரு கோவிலும், ஒரு தல புராணமும், ஓர் உண்டியலும் ஏற்பட்டிருக்கும். அவர்களோ காரணத்தைத் தேடினார்கள். கெட்ட பேட்டரி சூரியத் தகடுகளிலிருந்து வந்த மின்சாரத்தையெல்லாம் விழுங்கிக் கொண்டிருந்தது. பின்னர் அதனுள் இணைப்பு அறுந்து போகவே மின்சாரம் ரேடியோவுக்குப் போயிற்று. அதனால்தான் வெயிலில் பேசிற்று, பூமியின் நிழலில் வாய் மூடிற்று. இதில் அற்புதமென்ன இருக்கிறது?

“இதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு, நமக்கெதற்கு?” என்பார்கள் சிலர். 2005-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அமெச்சூர்களுக்கென்றே ஹாம்சாட் ஏறிற்று. 2009-ல் சென்னை அண்ணா சர்வகலாசாலையின் அனுசாட் ஏறிற்று. 1999-ல் கலிபோர்னியாவில் இரண்டு ஆசிரியர்கள் பத்து சென்டிமீட்டர் கனசதுரம் என்று ஓர் அளவு வகுத்து உலகத்தார் அனைவரும் அறிய வெளியிட்டார்கள். ஒருவன் கற்றதை மற்றவனுக்கு மறைத்தால் அது வித்தையல்ல, ஏகபோகம். இவர்கள் மறைக்கவில்லை, அதனாலேயே செலவும் குறைந்தது, செய்கிறவர்களும் பெருகினார்கள்.

ஆகவே, தோழர்களே! பழைய ரேடியோவைப் பிரித்துப் பார்க்கும் பையனை அடிக்காதீர்கள். உங்கள் ஊர்ப் படிப்பகத்தில் பத்திரிகையோடு ஒரு ரேடியோவும், பற்றவைக்கும் கோலும், கொஞ்சம் ஈயமும் வாங்கிப் போடுங்கள். முதலில் கேட்கக் கற்கட்டும். பிறகு சர்க்கார் பரீட்சை எழுதி உரிமம் பெற்றுப் பேசட்டும். அதன் பிறகு செய்யட்டும். ஆண் பிள்ளைக்கு மாத்திரமல்ல, பெண் பிள்ளைக்கும் இதையே சொல்லுகிறோம். கிரகம் பார்த்து ஜாதகம் எழுதக் கொடுக்கிற காசில் இதற்குப் பாதியாவது ஆகாதா?