எண்ணெயும் எண்ணூர்க் கழிமுகமும்

எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று ஒட்டா என்பது சிறாரும் அறிந்த செய்தி. மனம் ஒட்டாத உறவினரை அவ்விரண்டற்கும் ஒப்பிட்டுரைத்தல் நம் நாட்டு வழக்கு. ஆயினும், அவை ஒருகாற் கலந்துவிடின் மீட்டும் பிரித்தல் எத்துணை அரிது என்பதை வடசென்னைக் கடற்கரை இருமுறை கண்டது. அவ்வருமையையும், அதற்கு இந்நாள் அறிவியல் காட்டும் வழியொன்றையும், அவ்வழியை எவ்விடத்துக் கைக்கொள்ளல் வேண்டும் என்பதையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

2017ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 28ஆம் நாள் வைகறையில், எண்ணூர்க் காமராசர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதின. கசிந்த எண்ணெய் தார்போலக் கெட்டியாகிக் கரையிற் படிந்தது. உறிஞ்சும் பொறிகள் அக்குழம்பை இழுக்கமாட்டாது திணற, மீனவரும் மாணவரும் காவற்படையினரும் அதனை வாளியால் அள்ளினர். பின்னர் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, மணலிப் பகுதியினின்று வெள்ளத்தோடு புறப்பட்ட எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே கொசத்தலையாற்றின் கழிமுகத்தை அடைந்தது. படகும் வலையும் கறுத்தன. அலையாத்தி மரங்களின் வேர்களிலும் எண்ணெய் படிந்தது. மணலியிலுள்ள சென்னைப் பெட்ரோலியக் கழகத்தின் ஆலைவளாகத்தில் மழைநீரை ஆளும் ஏற்பாடு போதாமையே இதற்குக் காரணமென மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டது. ஏறத்தாழ ஏழாண்டுகள் கழிந்தும், அள்ளிய கருவி யாது? மீனவர் கைக் குவளையும் வாளியுமே!

மிதக்கும் கெட்டி எண்ணெயைக் கையாலேனும் அள்ளலாம்; மிதவைத் தடுப்புகளால் ஒருபுறம் ஒதுக்கலாம். நுண்டுளிகளாய்ச் சிதறி, பாலினுள் கொழுப்பு நிற்பதுபோல நீரினுள் நிற்கும் எண்ணெயை என் செய்வது? வாளிக்கு அஃது அகப்படாது. அதனைப் பிரித்தற்கு அமைந்ததே வடிகட்டுஞ் சவ்வு. சல்லடையினும் பன்மடங்கு நுண்ணிய துளைகளை உடையது அது. எனினும் துளையின் சிறுமை மட்டும் போதாது. அழுத்தம் மிகின் எண்ணெய்த்துளி நெகிழ்ந்து துளையினுட் புகும். சவ்வின்மேற் படிந்து வழியை அடைத்தும் விடும். ஆதலின், நீரை விரும்பி ஏற்று அதனையே தன்மேற் போர்த்துக்கொள்ளும் பொருளால் சவ்வை அமைப்பர். அந்நீர்ப்போர்வை எண்ணெயை ஒட்டவிடாது. நீருள் வாழும் மீனின் செதில் இவ்வியல்பினது என்பதைச் சீன நாட்டு ஆராய்ச்சியாளர் 2009இல் விளக்கினர்.

இனி, அச்சவ்வு எதனால் ஆவது? ஆலைகளில் இன்று வழங்கும் சவ்வுகளுட் பல, பெட்ரோலியத்தின் வழிவந்த பிளாஸ்டிக்குகளால் ஆனவை. நாளடைவில் அடைபட்டுப் பயனற்றுப்போகும் அவை மக்குவதில்லை. ஓரிடத்து அழுக்கை நீக்கி மற்றோரிடத்து அழுக்கைப் பெருக்குதல் தூய்மையாகுமோ? கொடுங்கையூரில் குப்பை மலையாய்க் குவிந்த வரலாற்றை அறிந்த வடசென்னையார்க்கு இதற்கு விடை கூற வேண்டுவதில்லை.

இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டில் கைட்டின் என்னும் பொருள் உளது. அதனைக் காரத்திலிட்டுப் பக்குவப்படுத்தக் கைட்டோசான் கிடைக்கும். அது நீரை விரும்புவது. நுண்ணுயிர்களாற் சிதைந்து மக்குவது. பருத்தியிலும் மரத்திலும் உள்ள செல்லுலோசும் அத்தகையதே. இவற்றாற் சவ்வு செய்யும் ஆராய்ச்சி பல நாடுகளில் நடைபெறுகின்றது. இறால் வந்திறங்கும் காசிமேட்டுத் துறையை உடைய நமக்கு இஃது அயற்பொருளன்று.

மக்கும் பொருள் வேலையின் நடுவே மக்கிவிடின் யாது பயன் என்று வினவுவாருளர். வினா தக்கதே. கைட்டோசான் அமிலத்திற் கரையும். நீரில் ஊறி வலி குன்றும். அதனை உறுதிப்படுத்தச் சேர்க்கும் பொருள்களுட் சில தாமே நஞ்சாவன. அன்றியும், எண்ணெய் தோய்ந்த சவ்வை மண்ணிற் புதைப்பின் சவ்வு மக்கலாம். எண்ணெயோ மண்ணைக் கெடுத்து நிற்கும். ஆகவே, பணிக்காலத்தில் நிலைத்து, பணி முடிந்தபின் எண்ணெய் நீக்கப்பெற்று மக்குவதே நற்சவ்வாகும். ‘மக்கும்’ என்னும் ஒரு சொல்லைக் கண்டு மயங்கலாகாது.

இதனினும் பெரியதொரு மயக்கம் உண்டு. நல்ல சவ்வு கிடைத்துவிட்டாற் கழிமுகத்துச் சிந்திய எண்ணெயையெல்லாம் வடித்துவிடலாம் என்பது அது. தார்போன்ற எண்ணெயும் சேறும் கலந்த வெள்ளம் எச்சவ்வையும் விரைவில் அடைத்துவிடும். சவ்வின் இடம் கழிமுகமன்று. ஆலையின் கழிவுநீர் வாயிலும், பட்டறையின் வடிகாலும், கப்பலின் அடித்தளமுமே அதற்குரிய இடங்கள். கப்பலின் அடியில் தேங்கும் நீரைக் கடலில் விடுங்கால், பத்து லட்சம் பங்கில் எண்ணெய் 15 பங்கிற்கு மேற்படலாகாது என மார்ப்போல் என்னும் பன்னாட்டு உடன்படிக்கை வரையறுத்துள்ளது. விரிந்த கடலுக்கே இத்துணைக் காவல் உண்டாயின், மக்கள் நெருங்கி வாழும் கால்வாய்க்கு எத்துணைக் காவல் வேண்டும்! ஆலைகளுக்கும் விதிகள் இல்லாமலில்லை. ஆனால் பெருமழை பெய்யுங்கால், வளாகத்திற் கிடக்கும் எண்ணெய் கழிவுநீர்க் குழாயை நாடிச் செல்லாது வெள்ளத்தோடு வெளியேறிவிடுகின்றது. ஆதலின் மழைநீரையும் தேக்கி, எண்ணெயைப் பிரித்தபின்னரே வெளிவிடத்தக்க குளங்கள் வேண்டும். இவையின்றிச் சவ்வை மட்டும் புகழ்தல், கதவைத் திறந்துவைத்துப் பூட்டின் அழகைப் பேசுவதை ஒக்கும்.

கழிமுகத்து நீரிலிறங்கி இறாலைக் கையால் துழாவிப் பிடிக்கும் இருளர் குடிகள் எண்ணூரில் உளர். நீர் கெடின் அவர்க்கு மாற்றுத்தொழில் யாது? தாம் சிந்தாத எண்ணெயைத் தம் கையால் அள்ளும் நிலை அவர்க்கும் மீனவர்க்கும் இனி நேரலாகாது. எண்ணெயை ஆள்வோரே அதனைத் தம் எல்லைக்குள் நிறுத்தும் கடமையையும் ஏற்றல் வேண்டும் என்பதே எமது துணிபு. வேதியியல் பயிலும் நண்பர் இறால் ஓட்டினின்று உறுதியான சவ்வை ஆக்க முயல்வாராக. தமிழ் பயிலும் யாம், அதன் ஆற்றலையும் எல்லையையும் குப்பத்தார்க்கு விளங்கும் மொழியில் எடுத்துரைப்போம். எதனைக் கேட்டுப் பெறல் வேண்டும் என்பதை அவர் அறிதல் முதற்கண் வேண்டப்படுவதன்றோ?