கண்காட்சியிலும் நமக்குக் கடைமடைதானா?



கண்காட்சியில ஸ்டால் எந்த மூலையில போட்டா என்ன, இதுக்கெல்லாமா ஒரு துண்டறிக்கை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நம்ம சங்கத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். உரத்துக்கு வரிசையில நிக்கிறோம், கொள்முதல் நிலையத்துல நெல்லைக் கொட்டிட்டு மழைக்குப் பயந்து ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடக்கிறோம், அதையெல்லாம் விட்டுட்டு பந்தல்ல இடம் கேட்டுப் போராடணுமா என்கிறார்கள். இதை முழுசாகப் படித்துவிட்டு அவர்கள் பேசட்டும்.

போன வருஷம் பக்கத்து நகரத்தில் மூன்று நாள் வேளாண் கண்காட்சி நடந்தது. நம்ம கிளைச் சங்கத்து அக்கா ஒருவர், ஒன்றரை ஏக்கர்க்காரர், மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி விதைநெல்லும் கொஞ்சம் அவலும் எடுத்துக்கொண்டு போனார். ஒரு மாதம் முன்னாடியே பணம் கட்டி ரசீது வாங்கியவர். கையில் கொடுத்த வரைபடத்தில் அவருடைய அரங்கு முதல் கூடத்தில், இரண்டு நடைபாதை சந்திக்கிற இடத்தில் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் சரக்கோடு போய்ப் பார்த்தால், அந்த இடத்தில் ஒரு கம்பெனியின் விளம்பர வளைவு நிற்கிறது! "லேஅவுட் மாறிடுச்சும்மா, நீங்க மூணாவது ஹாலுக்குப் போங்க" என்று ஒரு பையன் கையைக் காட்டினான். மூணாவது கூடத்தின் கடைசி. ஒரு பக்கம் கழிப்பறைக்குப் போகிற வழி. இன்னொரு பக்கம் தகரத்துக்கு அந்தாண்ட ஜெனரேட்டர். மூணு நாளும் பேசினது காதில் விழவில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் "பாத்ரூம் எங்கக்கா?" என்று கேட்கத்தான் வந்தார்கள். வித்த காசு வேன் வாடகைக்குக் கூடக் காணவில்லை. முனை அரங்குக்கு என்று கூடுதலாகக் கட்டின பணத்தையாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, விண்ணப்பத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார்கள். இடத்தை மாற்றுவதற்கு நடத்துபவருக்கு முழு உரிமை உண்டாம்!

அந்த ஒரு வரியோடுதான் நமக்குச் சண்டை.

கண்காட்சிக்கு வருகிற கூட்டம் தண்ணி மாதிரி. இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாசல்தான் மதகு. அங்கிருந்து பெரிய நடைபாதை, அதிலிருந்து கிளை நடைபாதை. தலைமடையில் இருக்கிறவன் கடைக்கு ஆள் தானாகப் பாயும். கடைமடைக்கு வருவதற்குள் கால் ஓய்ந்திருக்கும், கையில் நோட்டீஸ் பை நிறைஞ்சிருக்கும், சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும். ஆத்மா திட்டத்தில் கண்டுணர்வுப் பயணம் என்று நம்மை பஸ் வைத்துக் கூட்டிப்போகிறார்களே, மூணாவது கூடத்துக்குள் கால் வைக்கும்போது அந்த பஸ்ஸில் ஹாரன் அடிக்க ஆரம்பிச்சிடுவாங்க.

இந்தத் தண்ணிக்கு விலை சதுர மீட்டர் கணக்கில். 3க்கு 3, அதாவது 9 சதுர மீட்டர் ஒரு அரங்கு என்பது பரவலான வழக்கம். மூணு பக்கம் தடுப்பு, நெத்தியில் பெயர்ப் பலகை, ஒரு மேசை, ரெண்டு நாற்காலி, ஒரு பிளக் பாயின்ட், ரெண்டு மூணு லைட். இரண்டு பக்கம் திறந்த முனை அரங்கு என்றால் தனியாகக் கூடுதல் காசு. பெரிய கம்பெனி வெறுந்தரையாக மொத்தமாக வாங்கி, அதில் தன் மாளிகையைக் கட்டிக்கொள்ளும். சதுர மீட்டர் 6,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். 9 சதுர மீட்டருக்கு 54,000. அதுக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 9,720. ஆக மொத்தம் 63,720 ரூபாய். 2025-26 பருவத்துக்குத் தமிழக அரசு அறிவித்த சாதாரண ரக நெல் விலை, ஊக்கத்தொகையும் சேர்த்து, குவிண்டால் 2,500. அந்தக் கணக்கில் இருபத்தஞ்சரை குவிண்டால் நெல். ஒரு ஏக்கரில் நல்லா விளைஞ்சா வர்ற நெல்லு அப்படியே மூணு நாள் தரை வாடகைக்குப் போகுது! கம்பெனிக்காரன் இதே பணத்தை விளம்பரச் செலவில் எழுதிக்குவான். கட்டின ஜிஎஸ்டியையும் தன் வரியில் கழிச்சுக்குவான். நாம எதுல கழிக்கிறது?

கம்பெனியே வரக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. பந்தலுக்கும் மின்சாரத்துக்கும் யாராவது காசு கொடுத்துத்தான் ஆகணும். பவர் டில்லரும் களையெடுக்கிற மிஷினும் பார்க்கத்தானே நாமும் போகிறோம். நாம் கேட்பது வேறு. வரைபடம் போடுகிற பென்சில் யார் கையில் இருக்கிறது?

நடைமுறை இப்படித்தான் போகிறது. பெருந்தொகை கொடுத்துப் பேனரில் பேர் போட்டுக்கொள்கிறவர் முதலில் கை வைப்பார். அடுத்து, போன வருஷம் இடம் பிடித்தவர் அதே இடத்தைக் கேட்பார். அடுத்து, நிறைய சதுர மீட்டர் வாங்குகிறவர். எல்லாரும் எடுத்தது போக, தூணுக்குப் பின்னால் ஒண்ணு, முட்டுச்சந்தில் ரெண்டு என்று மிச்சம் இருக்கும். அதுக்குப் பேர்தான் "விவசாயிகளுக்கான சலுகை அரங்கு"! வாசலில் "உழவர் நலனுக்காக" என்று முப்பதடி வளைவு. உள்ளே உழவனுக்குத் தூணுக்குப் பின்னாடி இடம்.

சரி, வேற எப்படித்தான் போடுவது என்று கேட்கலாம். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. டிராக்டரையும் அறுவடை மிஷினையும் எங்கே கொண்டுபோய் நிறுத்தினாலும் ஜனங்கள் தேடிப் போய்ப் பார்ப்பார்கள். அதைப் போய் வாசலில் நிறுத்துவானேன்? கடைசிக் கூடத்தில் நிறுத்து. கூட்டம் கடைமடை வரை நடக்கும், போகிற வழியில் விதைநெல்லும் பார்க்கும், நாட்டுக் காய்கறி விதையும் பார்க்கும். கம்பெனிக்கு ஒரு ஆள் குறையப் போவதில்லை. சத்தம் போடுகிற மிஷினை வெளித்திடலில் வைக்கணும். நர்சரிக் கன்றுக்குத் தண்ணி வசதியும் நிழலும் வேணும். பூச்சிமருந்து ஸ்டாலை ஒட்டி முறுக்கு, தேன், அவல் ஸ்டால் போடுவதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். இதைச் சொல்ல ஒரு நிபுணர் வேண்டுமா, வீட்டில் சமைக்கிற பொம்பளை சொல்வாளே! சரக்கு இறக்குவதிலும் இதே கூத்துதான். உள்கடைசி அரங்குக்காரனை முதலில் உள்ளே விட்டுவிட்டு வாசல்காரனைக் கடைசியில் விடணும். தலைகீழாக விட்டால், முன்னால் நிற்கிற லாரி நகரும் வரை நாம் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இன்னொரு விஷயம், இது உயிர் விஷயம். நடைபாதை, தூண், அவசர வழி எல்லாம் போக ஒரு கூடத்தில் ஏறக்குறைய பாதிப் பரப்புதான் விற்கத் தேறும். அதனால் நடத்துகிறவர்களுக்கு நடைபாதையைப் பார்த்தால் வீணாகக் கிடக்கிற காசு மாதிரித் தெரிகிறது. நாலு அடி சுருக்கு, ஒரு வரிசை ஸ்டால் கூடும். கதவுக்கு முன்னால் ஒரு மேசை போடு, அதுக்கும் வாடகை. 2006 ஏப்ரல் 10 அன்று உத்தரப்பிரதேசம் மீரட்டில், விக்டோரியா பார்க்கில் நடந்த நுகர்பொருள் கண்காட்சிப் பந்தலில் தீப்பிடித்து 65 பேர் செத்தார்கள். இழப்பீட்டு வழக்கில் பொறுப்பு நடத்தியவர்களுக்கு 60 பங்கு, மாநில அரசுக்கு 40 பங்கு என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொன்னது. பதினாறு வருஷம்! நம்ம ஊர்க் கண்காட்சியில் கடைசிக் கூடத்துக் கதவு பூட்டிக் கிடந்ததை அந்த அக்கா பார்த்திருக்கிறார். சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை.

இடம் பங்கிடுவது தமிழ்நாட்டுக்குப் புதுசா? 1999 நவம்பர் 14-ல் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். அடையாள அட்டை வைத்திருக்கிற விவசாயிக்குத்தான் கடை. கடைக்கு வாடகை கிடையாது, தராசுக்குக் காசு கிடையாது. எந்தக் கடையும் எவருக்கும் பட்டா போட்டுக் கொடுத்தது கிடையாது. அங்கேயும் வியாபாரி நுழைகிறான், குறைகள் இருக்கின்றன, நமக்குத் தெரியும். ஆனாலும் விதி என்ன என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு விதி இருக்கிறது. அதுக்கும் முன்னாடி போனால், ஏரி வாரியத்துக்கு ஆளையே குடத்தில் ஓலை போட்டு எடுத்ததாக உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்கிறது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தின சமாச்சாரம். ஸ்டாலுக்குக் குலுக்கல் நடத்த இவர்களுக்குக் கஷ்டமாக இருக்கிறதாம்!

நம்ம முதுகையும் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம். சில வருஷத்துக்கு முன்னால் நம் சங்கமே ஒரு சின்ன விதைத் திருவிழா நடத்தியது. முன்வரிசை மேசையெல்லாம் நிர்வாகிகளும் அவர்கள் சொந்தக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். தூரத்து ஊரிலிருந்து மூட்டையோடு வந்தவர்கள் வேப்பமரத்துக்கு அந்தாண்ட வெயிலில் உட்கார்ந்தார்கள். அது தப்பு. பொதுக்குழுவில் கேள்வி வந்தது, திட்டும் விழுந்தது. அடுத்த வருஷத்திலிருந்து எல்லார் எதிரிலும் சீட்டு எடுத்துத்தான் இடம். தலைவருக்கே ஒருமுறை கடைசி மேசை விழுந்தது. முணுமுணுத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார், ஆனால் உட்கார்ந்தார்.

விண்ணப்பத்தை வாங்கும்போதே "விதை விக்க லைசென்ஸ் இருக்கா?" என்று மிரட்டித் திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. பயப்படாதீர்கள். 2001-ம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 39-வது பிரிவைக் காட்டுங்கள். தன் நிலத்தில் விளைந்த விதையைச் சேமிக்க, மாற்றிக்கொள்ள, பகிர்ந்துகொள்ள, விற்க விவசாயிக்கு உரிமை உண்டு. பிராண்டு பேர் போட்ட பையில் அடைத்து விற்கத்தான் கூடாது. சாதாரணச் சாக்கில், துணிப்பையில் கொண்டுபோங்கள்.

நாம் கேட்பது இவ்வளவுதான். அரசு முத்திரையோ அரசுப் பணமோ அரசு மைதானமோ சேர்ந்த எந்த வேளாண் கண்காட்சியிலும், பத்தில் மூணு அரங்கு சிறு, குறு விவசாயிக்கும் மகளிர் குழுவுக்கும் என்று ஒதுக்கணும். அந்த மூணும் எல்லாக் கூடத்திலும் கலந்து இருக்கணும், கடைசிக் கூடத்தில் குவிக்கக்கூடாது. அவர்களுக்குள் இடம் குலுக்கலில், பகிரங்கமாக. ஒரு மேசை போதும் என்கிறவருக்கு 9 சதுர மீட்டரைத் தலையில் கட்டாதே, பாதி அரங்கு கொடு. வரைபடத்தைப் பதினைந்து நாள் முன்பே வேளாண் உதவி இயக்குநர் அலுவலகப் பலகையில் ஒட்டு. ஒட்டின பிறகு மாற்றினால், மாற்றப்பட்டவர் கையெழுத்து வேணும். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் முழுப் பணமும் திரும்ப வேணும். தீயணைப்புத் துறை பார்த்துவிட்டுச் சொன்ன பிறகுதான் வாசல் திறக்கணும்.

வருகிற விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் ஆட்சியரிடம் இந்த மனுவைக் கொடுக்கிறோம். பழைய ரசீது, மாற்றிய வரைபடம், ஸ்டால் போட்டோ எது இருந்தாலும் நகல் எடுத்துக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். அசல் கொடுக்க வேண்டாம்.

பதில் வராவிட்டால், இந்த வருஷக் கண்காட்சி திறப்பு விழா அன்று வாசலுக்கு எதிரில் சாலை ஓரமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டு, 3க்கு 3 கட்டம் கட்டமாக நம்ம அரங்கை நாமே அமைக்கிறோம். போக்குவரத்தை மறிக்கப் போவதில்லை. உள்ளே போகிற கூட்டம் நம்மைத் தாண்டித்தான் போகணும். யாருக்கு எந்தக் கட்டம் என்பது அங்கேயே குலுக்கலில் எடுக்கப்படும். குடமும் சீட்டும் சங்கம் கொண்டுவரும். நீங்கள் விதைப்பையும், விரிக்க ஒரு சாக்கும், குடையும் கொண்டுவாருங்கள். வேன் காலை ஆறரைக்குக் கிளம்புகிறது, முந்தின நாளே பேர் கொடுத்துவிடுங்கள்.