நிற்பாரும் ஓடுவாரும்

எமது இல்லத்து முன்விறாந்தைச் சுவரிலே ஒரு படம் தொங்குகின்றது. அதில் ஒரு குத்துவிளக்கு. பித்தளையின் வளைவுகளும், திரியின் நுனியும், எண்ணெயில் மிதக்கும் ஒளியும் அத்துணைத் தெளிவாக விழுந்திருக்கின்றன. விளக்குக்குப் பின்னே, பனிமூட்டத்துள் இருப்பவர் போல, எமது அம்மம்மா சிரித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய தொண்ணூறாவது பிறந்தநாளன்று நாமே எடுத்த படம் அது. அதன்பின் மூன்றாம் மாதத்தில் அவர் காலமானார். அவர் வாய்விட்டுச் சிரிக்கும் வேறொரு படம் எங்கள் குடும்பத்தில் எவரிடமும் இல்லை. வீட்டுக்கு வருவோர் அதனை நோக்கி, "நல்ல விளக்கு" என்று சொல்லிப் போவர்.

பிழை கமராவினுடையதன்று. அந்நாளில் எமக்குக் கமரா புதிது. குவிவை அது தானே பார்த்துக்கொள்ளும் என்று விற்றவர் சொன்னதை வேதவாக்காகக் கொண்டோம். அதுவும் தானே பார்த்துக்கொள்ளத்தான் செய்தது. எதைப் பார்ப்பதென்று நாம் அதற்குச் சொல்லவில்லை.

கடந்த இரு ஞாயிறுகளிலும் ஒளியின் அளவைப் பற்றி எழுதினோம். மெய்வல்லுநர்ப் போட்டிகள் அணுகுகின்றமையால், இம்முறை ஓட்டோ போகஸ் என வழங்கும் தன்னியக்கக் குவிவைப் பற்றி எழுதுமாறு மாணவர் சிலர் கேட்டனர். கேட்டதன் உட்பொருள் எமக்கு விளங்காமலில்லை. இரண்டாண்டுகளுக்கு முன் அஞ்சலோட்டத்தின் இறுதி ஓட்டத்தை நாம் எடுத்த கதை கல்லூரியிலே பலரும் அறிந்தது. அவ்வாண்டோடு கல்லூரியை விட்டுச் செல்லவிருந்த மாணவன் ஒருவன், மூன்றாவதாகக் கோலை வாங்கி முதலாவதாக வந்து நாடாவை நெஞ்சால் அறுத்தான். நாடாவுக்கு அப்பால் நின்று அதனை நாம் எடுத்தோம். மறுநாள் படத்தைக் கண்ட அவன், மரியாதை குன்றாமல், "சேர், பின்னால நிக்கிற கூடாரம் நல்ல வடிவா விழுந்திருக்கு" என்றான். அவன் முகம் எங்கே என்று அவனும் கேட்கவில்லை; நாமும் சொல்லவில்லை.

இவ்விரு படங்களும் கெட்டமைக்குக் காரணங்கள் வேறு வேறு. விளக்கின் படத்திலே கமரா தவறான பொருளைத் தெரிந்தது. ஓட்டத்தின் படத்திலோ சரியான ஆளைத்தான் தெரிந்தது; ஆனால் அவன் முன்னே வந்த பின்னும் அவன் முன்னர் இருந்த இடத்தையே பற்றிக்கொண்டிருந்தது. எதைக் குவிப்பது என்பது ஒரு கேள்வி. குவித்ததை அப்படியே பூட்டுவதா, விடாது தொடர்வதா என்பது மற்றொன்று. கமராவிலுள்ள குவிவுத் தெரிவுகள் ஏறக்குறைய யாவும் இவ்விரு கேள்விகளுக்கு நாம் கொடுக்கும் விடைகளே.

முதலாவது கேள்வி பழையது. பெருந்தொகையாக உற்பத்தியாகி விற்பனைக்கு வந்த முதலாவது தன்னியக்கக் குவிவுக் கமரா 1977ஆம் ஆண்டின் கொனிக்கா சி-35 ஏ.எவ். ஆகும். அடுத்த ஆண்டு பொலறோயிட் நிறுவனம் வௌவாலின் வித்தையைக் கமராவுக்குப் புகட்டியது. மனிதச் செவிக்கு எட்டாத ஒலியை அக்கமரா முன்னே அனுப்பும். ஒலி பட்டுத் திரும்ப எடுத்த நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிக்கும். இருளிலும் அது பிழையாது. ஆயினும் யன்னற் கண்ணாடிக்கு அப்பால் நிற்பவரை எடுக்கப் புகுந்தால், ஒலி கண்ணாடியிற் பட்டே திரும்பிவிடும். கமரா கண்ணாடிக்குக் குவிக்கும். எமது குத்துவிளக்கும் இக்கண்ணாடியும் ஒரே சாதி. 1985இல் வந்த மினோல்ற்றா 7000, வில்லைகளை மாற்றக்கூடிய கமராவின் உடலினுள்ளேயே குவிவுப் பொறியை அமைத்துப் பெரும் புகழ் பெற்றது. அது தன் உரிமத்தை மீறியதென்று ஹனிவெல் நிறுவனம் வழக்காடவே, 1992இல் மினோல்ற்றா 12 கோடியே 75 இலட்சம் அமெரிக்க டொலர் கொடுத்து அதனைத் தீர்த்தது. இந்த வித்தைக்கு இருந்த மதிப்பு அவ்வளவு.

இனி, நிற்பாரை முதலில் எடுத்துக்கொள்வோம். அசையாத பொருளுக்கு உரியது தனிக் குவிவு. கனன் கமராவில் இது 'வன் ஷொட்' எனப்படும்; நிக்கொன், சோனி ஆகியவற்றில் 'ஏ.எவ்.-எஸ்' எனப்படும். பொத்தானைப் பாதியளவு அழுத்தியதும் கமரா குவித்துப் பூட்டிவிடும். பெரும்பாலும் கீச்சென்று ஓர் ஒலியும் எழும். விரலை எடுக்கும் வரை அப்பூட்டு மாறாது. குவிவு கிட்டாவிடின் பொதுவாகப் படமும் எடுபடாது. ஆதலின் முதியோர் படத்துக்கும், குழுப் படத்துக்கும், கோயிற் சிற்பத்துக்கும் இதனை விடச் சிறந்த தெரிவு இல்லை.

அதனோடு குவிவுப் புள்ளியையும் நாமே தெரிதல் வேண்டும். புள்ளியைத் தெரியும் பொறுப்பைக் கமராவிடம் விட்டால், அது பெரும்பாலும் அண்மையிலுள்ளதும் ஒளியும் நிழலும் பலமாக மாறுபடுவதுமான ஒன்றையே பற்றும். மங்கிய அறையிலே எரியும் விளக்கை விட அத்தகையது வேறு யாது? ஒற்றைப் புள்ளியைத் தெரிந்து, அதனை எடுக்கப்படுபவரின் கண்ணின் மீது வைக்க வேண்டும். இரு கண்களுள்ளும் எமக்கு அண்மையில் உள்ள கண்ணே உகந்தது.

எத்துணைத் துல்லியம் வேண்டுமென்பதற்கு ஒரு கணக்குச் சொல்வோம். முழுச் சட்டகக் கமராவில் 50 மில்லிமீற்றர் வில்லையை எவ் 1.8 அளவுக்குத் திறந்து, 2 மீற்றர் தூரத்தில் இருப்பவரை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் மொத்தம் ஏறத்தாழ 17 சென்றிமீற்றர் மாத்திரமே. அம்மம்மாவுக்கு அரை மீற்றர் முன்னே விளக்கு இருந்தது. இரண்டும் ஒருங்கே தெளிவாக விழ வழியே இல்லை. ஒன்றைத் தெரிந்தே ஆகவேண்டும். நடுப்புள்ளியாற் குவித்துப் பூட்டிய பின் கமராவைத் திருப்பிச் சட்டகத்தை அமைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தூரத்துக் காட்சிக்கு அது குற்றமில்லை. இத்துணை அண்மையில், வில்லையை இவ்வளவு திறந்து வைத்துக்கொண்டு திருப்பினால், குவிந்த தளம் கண்ணை விட்டுக் காதுக்குச் சென்றுவிடும். கமராவைத் திருப்பாது புள்ளியை நகர்த்துவதே நன்று.

புதிய கமராக்கள் முகத்தையும் கண்ணையும் தாமே கண்டறிகின்றன. அவ்வசதி இருப்பின் தயங்காது பயன்படுத்துக. ஆனால் பத்துப் பேர் நிற்கும் மணவறையிலே எந்தக் கண் என்பதை அது எவ்வாறு அறியும்? மணமகளை விட்டுத் தோழியைப் பற்றிய படங்களை நாம் கண்டிருக்கின்றோம். எந்த முகத்தின் மேல் சதுரம் விழுந்திருக்கின்றதென்று பார்த்தே பொத்தானை அழுத்துக. கைப்பேசியால் எடுப்போரும் திரையில் வேண்டிய முகத்தை ஒருமுறை விரலால் தொட்டால் போதும். பல கைப்பேசிகளில் அவ்விடத்தைச் சற்றுநேரம் அழுத்திப் பிடித்தால் குவிவு பூட்டப்படும். இச்சிறு காரியத்தைச் செய்வோர் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இரார் என்பது எமது எண்ணம்.

ஓடுவாரின் காரியம் வேறு. இங்கே பூட்டுத்தான் பகை. ஒரு மாணவன் 100 மீற்றரைப் பன்னிரண்டரைச் செக்கனில் ஓடுகின்றான் எனக் கொள்வோம். செக்கனுக்கு 8 மீற்றர். பொத்தானை முற்றாக அழுத்துவதற்கும் ஷட்டர் திறப்பதற்கும் இடையே, கண்ணாடி மேலெழும் பழைய வகைக் கமராக்கள் பலவற்றில், ஒரு செக்கனின் இருபதிலொரு பங்கேனும் கழியும். அதற்குள் ஓடுபவன் 40 சென்றிமீற்றர் வந்துவிடுகின்றான். 200 மில்லிமீற்றர் வில்லையை எவ் 2.8இல் வைத்து 10 மீற்றரில் எடுக்கும்போது தெளிவான ஆழம் முழுவதுமே அவ்வளவுதான். நாமோ அவன் வளைவில் வரும்போதே பாதியழுத்திப் பூட்டிவிட்டு, அவன் நாடாவைத் தொடும் வரை காத்திருந்தோம். கூடாரம் தெளிந்ததில் வியப்பென்ன?

இதற்கு உரியது தொடர் குவிவு. கனனில் இது 'சேர்வோ'. மற்ற இரண்டிலும் 'ஏ.எவ்.-சி'. பாதியழுத்திய விரல் அழுத்தியபடியே இருக்க, கமரா இடைவிடாது அளந்துகொண்டே இருக்கும். அது அளக்கும் முறை இனியது. வில்லையின் இடப்பக்கத்தால் வரும் ஒளியையும் வலப்பக்கத்தால் வரும் ஒளியையும் வெவ்வேறாகப் பிரித்து இரு விம்பங்களாக ஒப்பிடுகின்றது. அவை பொருந்தினால் குவிவு சரி. விலகினால், விலகிய திசையும் அளவும் வில்லையை எப்பக்கம் எவ்வளவு நகர்த்த வேண்டுமென்பதைக் காட்டிவிடும். அடுத்தடுத்துப் பலமுறை அளந்தால் வருபவனின் வேகமும் தெரியும். வேகம் தெரிந்தால், ஷட்டர் திறக்கும் கணத்தில் அவன் எங்கிருப்பான் என்பதையும் முன்கூட்டியே கணிக்கலாம். ஆதலின் அவன் நாடாவை அணுகிய பின் அவசரமாக அழுத்துதல் பயன் தராது. இருபது மீற்றருக்கு முன்னரே புள்ளியை அவன் நெஞ்சில் வைத்து, பாதியழுத்திய விரலோடு அவனைத் தொடர்ந்து வருக. கீச்சென்ற ஒலி பெரும்பாலும் கேளாது. கமரா வேலை செய்யவில்லையென்று அஞ்ச வேண்டாம். ஆனால் ஒன்று: இத்தெரிவில் பல கமராக்கள் குவிவு கிட்டாதபோதும் படத்தை எடுத்துவிடும். எண்ணிக்கையைக் கண்டு மகிழாமல், பெருப்பித்துப் பார்த்தே தெரிந்தெடுக்க வேண்டும்.

ஓடுபவரை ஒற்றைப் புள்ளியுள் நிறுத்தி வைப்பது எளிதன்று. புள்ளி சறுக்கினால் குவிவு பின்னுள்ள கூட்டத்துக்குப் பாய்ந்துவிடும். அயற்புள்ளிகள் சிலவற்றையும் சேர்த்துக்கொள்ளும் சிறு வலயத்தைத் தெரிதல் தகும். நடுவர் ஒருவர் குறுக்கே நடந்தால் கமரா அவரிடம் தாவுதலும் உண்டு. எத்துணை விரைவில் தாவலாம் என்பதை மாற்றும் தெரிவு சில கமராக்களில் இருக்கின்றது. ஓட்டத்துக்கு அதனை மந்தமாக வைப்பதே எமது வழக்கம்.

கமராவே ஆராய்ந்து, நிற்பதா ஓடுவதா என்று முடிவுசெய்யும் மூன்றாவது தெரிவொன்றும் உண்டு. அதனை நாம் விரும்புவதில்லை. மன்னார் வங்காலைப் பக்கத்துக் கடனீரேரிகளில் பூநாரைகளை எடுக்கச் செல்வோர் இதன் குறையை உணர்வர். சேற்றிலே அசையாது நிற்கும் பறவை, எழும்போது எமக்கு அறிவித்துவிட்டு எழுவதில்லை. கமரா அதனை நிற்கும் பொருளென்று முடிவுசெய்திருந்தால், அது உணர்ந்து மாறுமுன் சிறகடிப்பு முடிந்துவிடும். எழக்கூடியதை எழுந்ததாகவே கொண்டு முதலிலேயே தொடர் குவிவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயதுக் குழந்தைகளும் இவ்வகையைச் சேர்ந்தோரே.

மங்கிய படங்கள் யாவும் குவிவால் மங்கியவையல்ல. ஷட்டர் மெதுவாயின் ஓடுபவரின் கைகால்கள் ஓடும் திசையிலே இழுபட்டுத் தோன்றும். ஓட்டத்துக்குச் செக்கனின் 500இல் ஒரு பங்கேனும், இயலுமாயின் 1000இல் ஒரு பங்கும் வேண்டும். படம் முழுவதுமே இழுபட்டிருந்தால் நடுங்கியது எமது கை. ஓடுபவர் இழுபடாது மெத்தென்று மங்கி, வேறோரிடம் தெளிவாக இருந்தால் மாத்திரமே குவிவைக் குறை கூறலாம். அப்போது மைதானத்துப் புல்லைப் பாருங்கள். ஓரிடத்திலே புல் ஒரு கோடாகத் தெளிந்திருக்கும். அக்கோடு ஓடுபவரின் காலுக்கு முன்னே கிடக்கின்றதா, பின்னே கிடக்கின்றதா என்பதைக் கொண்டு கமரா எங்கே நின்றுவிட்டதென்று அறியலாம். எமது படத்திலே கோடு அவனுக்கு வெகுதூரம் பின்னே, கூடாரத்தின் கயிற்றடியிற் கிடக்கின்றது.

போட்டிக்கு முன் ஒரு மாலையேனும் பழகுதல் வேண்டும். தம்பியோ தங்கையோ ஒழுங்கையின் கோடியிலிருந்து உங்களை நோக்கித் துவிச்சக்கர வண்டியில் வரட்டும். தனிக் குவிவில் இருபது படம், தொடர் குவிவில் இருபது படம் எடுத்து ஒப்பிடுங்கள். முதல் மாலையில் தொடர் குவிவிலும் பாதிக்கு மேல் கெடும், எமக்குக் கெட்டது. தொடர்ந்து வருவது கமராவின் வேலை மட்டுமன்று, கையும் அதனைப் பழகவேண்டும். பழகி முடிந்ததும் எத்தெரிவில் விட்டீர்களென்று பார்த்துப் பையில் வையுங்கள். காலையில் மைதானத்துக்குப் போன கமராவே மாலையில் பாட்டியின் முன்னும் எடுக்கப்படுகின்றது.

நாடாவை அறுத்த அம்மாணவனின் தம்பி இவ்வாண்டு அதே இல்லத்துக்காக இறுதிக் கோலை ஏந்துகின்றான். அண்ணன் வெளிநாட்டிலிருந்து செய்தி அனுப்பியிருக்கின்றான், சேர்தான் படமெடுக்க வேண்டுமென்று. முன்னர் நின்ற அதே இடத்திலேயே நிற்பதென்று தீர்மானித்திருக்கின்றோம். கூடாரத்தைச் சற்று அப்பால் அடிக்குமாறும் சொல்லியிருக்கின்றோம்.