கடற்கரைக்குக் காசு கேட்போர் கவனத்திற்கு

காயல்பட்டினத்துக் கடற்கரையைச் சீரமைக்க அரசிடம் நிதி கேட்க வேண்டும் என்போரும், கேட்கவே கூடாது என்போரும் நம்மிடையே உள்ளனர். இரு சாராரும் ஊர் நலம் நாடுவோரே. ஆயினும் இரு சாராரின் வாதங்களையும் செவிமடுத்தபின் வாய்மூடி இருப்பது இயலாததாகிறது.

கூடாது என்போர் கூறுவதென்ன? "பள்ளிவாசல்களையும் மதரஸாக்களையும் கல்விக்கூடங்களையும் எவர் தயவுமின்றி எழுப்பிய ஊர் இது. நாலு விளக்குக்கும் பத்து இருக்கைக்குமா சர்க்கார் வாசலில் போய் நிற்பது?" கேட்பதற்கு நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. ஆனால், கடற்கரை வக்பு நிலமன்று. எந்தத் தனவந்தரும் எழுதிவைத்த சொத்துமன்று. அது புறம்போக்கு, அரசின் பொறுப்பில் உள்ள பொதுநிலம். 1996 டிசம்பரில் கமல்நாத் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இத்தகைய இயற்கைச் செல்வங்களை அரசு மக்களின் அறங்காவலனாக நின்றே காத்துவர வேண்டும் என்னும் கோட்பாட்டை நிலைநாட்டியது. தண்ணீரிலும் புல்லிலும் நெருப்பிலும் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்னும் கருத்தை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே உணர்த்திவிட்டார்கள் என்பதை நாம் மறக்கலாமா? அறங்காவலனிடம் சொத்தைப் பேணச் சொல்வது இரத்தல் ஆகாது.

மேலும் ஒன்று. கொழும்பிலும் ஹாங்காங்கிலும் வளைகுடாவிலும் வியர்வை சிந்தும் நம் பிள்ளைகள் அனுப்பும் நன்கொடைக்கு எல்லை உண்டு. அதில் ஜகாத் எவருக்குரியது என்பதை இறைமறையே வரையறுத்துவிட்டது. பூங்கா விளக்கு அப்பட்டியலில் இல்லை. எஞ்சிய சதக்காவும் ஓர் அனாதையின் படிப்புக்குப் போவதா, பூங்காவின் நடைபாதைக்குப் போவதா? நாம் கட்டிய வரியில் ஆகவேண்டிய வேலையை ஏழையின் பங்கிலிருந்து எடுத்துச் செய்வதைத் தன்மானம் என்று எப்படிச் சொல்வது?

அவர்களின் இரண்டாவது அச்சம் வேறு. வெளியூர்க் கூட்டம் பெருகிவிடும். அஸர் தொழுகைக்குப்பின் குடும்பத்தோடு மணலில் அமர்ந்து பேசும் நம் பெண்களின் நிம்மதி குலைந்துவிடும் என்கின்றனர். இந்த அச்சத்தை எள்ளி நகையாட நான் ஆயத்தமாக இல்லை. நாளெல்லாம் வீட்டுக்குள் உழைக்கும் தாய்மார்களுக்கு அந்த ஒன்றிரண்டு நாழிகைக் காற்று எத்துணைப் பெரிய விடுதலை என்பதை அறிந்தவர் எவரும் நகையாடமாட்டார். ஆனால், கூட்டம் நிதிக்குக் காத்திராமலே வந்துகொண்டிருக்கிறதே! பொதுக் கடற்கரைக்குப் பூட்டுப் போட எவருக்கும் உரிமையில்லை. தவிர, அந்நியரை வரவேற்று வாழ்ந்த கரை இது. ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை ஏற்றிவந்த கப்பல்கள் காயலைத் தொட்டுச் சென்றதை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ குறித்துவைத்தான். (அவன் கண்ட காயல் பழையகாயலா, இன்றைய காயல்பட்டினமா என்று ஆய்வாளர்கள் வழக்காடட்டும், நமக்கு இரண்டும் ஒரே கரைதான்.) பெண்களின் நிம்மதிக்கு வழி, நல்ல வெளிச்சம், தூய்மையான கழிப்பிடம், குடும்பங்களுக்கென ஒதுக்கிய பகுதி, மாலை முழுதும் நின்று கவனிக்கும் காவலர். இவற்றுக்குத்தானே பணம் வேண்டும்?

சரி, கேட்கத்தான் வேண்டும் என்போரிடம் வருவோம். என் கோபமெல்லாம் இவர்கள்மீதே. கேட்பதற்காக அன்று, கேட்கும் இலட்சணத்துக்காக. எந்தக் கடலோர ஊரின் மனுவையும் எடுத்துப் பாருங்கள். "உலகத் தரம்", "சுற்றுலாத் தலம்" என்னும் சொற்கள் முதல் வரியிலேயே கொலுவீற்றிருக்கும். பின்னால் வருபவை பளிங்குத் தரை, அலங்கார வளைவு, வண்ண விளக்கு, செயற்கை நீரூற்று. கடலின் முன்னால் நீரூற்று! வங்கக் கடலும் மன்னார் வளைகுடாவும் போதாதென்று குழாயில் ஒரு கடல் வேண்டுமாம்.

கடற்கரை என்பது அசையா நிலமன்று என்பதை இக்கரையில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாண்டியர் துறைமுகமான கொற்கை இன்று கடலைவிட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்த மண் அதன் வாயை அடைத்தது. சென்னை மெரினாவின் அகன்ற மணலைக் கண்டு வியக்கிறோம். அது எவரும் திட்டமிட்டு விரித்த பாயன்று. 1870களில் தொடங்கிக் கட்டிய துறைமுகத்தின் தடுப்புச் சுவர், வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் முதலிய பகுதிகள் கரையை இழந்தன. ஒருவர் பெற்றது மற்றவர் இழந்ததே. புதுச்சேரியின் கதை இன்னும் கசப்பானது. 1980களில் அங்கே எழுந்த துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களால் நகரின் மணற்கரை அரிக்கப்பட்டு மறைந்தது. பாறைகளைக் கொட்டினார்கள். மணல் திரும்பவில்லை. கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்றை 2018இல் அமைத்த பிறகுதான் மணல் ஓரளவு திரும்பியது. நமது பொறியாளர்கள் இதை அறியாதவர்களல்லர். அவர்களிடம் கேட்காமலே மனு எழுதுவோர்தாம் அறியாதவர்கள்.

2023 டிசம்பரை மறந்துவிட்டோமா? அம்மாதம் 18ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓராண்டில் பெய்யவேண்டியதைவிட மிகுதியாக ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. அந்த வெள்ளம் போய்ச் சேரவேண்டிய இடம் கடல். ஊருக்கும் கடலுக்கும் இடையே மேடான நடைபாதையும் மதிலும் எழுப்பிவிட்டால், மறுமுறை தண்ணீர் எந்த வழியாகப் போகும்? நம் வீட்டு நடுக்கூடத்தின் வழியாகவா? மனுவில் நீரூற்றுக்கு ஒரு பத்தி ஒதுக்கியவர்கள் வெள்ளநீர் வடிகாலுக்கு ஒரு வரி எழுதியதுண்டா?

சட்டமும் இருக்கிறது. 1991இல் வந்து, 2011இலும் 2019இலும் மாற்றியமைக்கப்பட்ட கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, கரையில் நிரந்தரக் கட்டடங்களுக்குக் கடுமையான வரம்பு விதிக்கிறது. கழிப்பறை, உடை மாற்றும் அறை, குடிநீர் வசதி போன்ற தற்காலிக அமைப்புகளுக்கு வழி விடுகிறது. நமக்கு வேண்டியதும் அதுதானே?

நிதி இல்லை என்றும் சொல்ல முடியாது. 2016–17இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த தமிழகக் கடலோரச் சுற்றுலாத் திட்டத்தில் சென்னை, மாமல்லபுரம், இராமேசுவரம், கன்னியாகுமரி இவற்றோடு நம் பக்கத்து மணப்பாடும் இடம்பெற்றது. காயல் இடம்பெறவில்லை. அதற்கு மணப்பாட்டார்மேல் பொறாமைப்பட்டுப் பயனில்லை. தமீமுல் அன்சாரி தர்காவால் நாம் நன்கறிந்த சென்னைக் கோவளத்தின் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. அந்தச் சான்றுக்கான 33 அளவுகோல்களுள் கடல்நீரின் தூய்மை முதன்மையானது. நீரைச் சோதித்துக் காட்ட வேண்டும். கழிவுநீர் கடலில் கலக்கக் கூடாது. வளைவு கட்டியதற்காக எவரும் அந்தக் கொடியைத் தருவதில்லை.

ஆகவே மனு எழுதுவோரே, முதல் வரியில் சாக்கடையை எழுதுங்கள். அது மேடையில் பேசுவதற்கு அழகான சொல்லன்று. திறப்பு விழாவில் நாடா வெட்டவும் உதவாது. அதற்கடுத்து மழைநீர் வடிகால், குப்பை அகற்றல், கழிப்பறை, விளக்கு. பராமரிப்புக்கு ஆண்டுதோறும் எவர் பொறுப்பு, எந்தத் தலைப்பில் பணம் என்பதையும் கேட்டு வாங்குங்கள். கட்டுவதற்குத் தரும் பணம் பெருக்குவதற்கு வருவதில்லை. திறந்த மறு ஆண்டே பூட்டிக் கிடக்கும் கழிப்பறைகளை நாம் பார்த்ததில்லையா?

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மாலையில் நாம் காற்று வாங்கும் கரையில், விடியலில் கொம்புத்துறையாரும் சிங்கித்துறையாரும் படகிழுக்கின்றனர், வலை உலர்த்துகின்றனர். நமக்கு அது பொழுதுபோக்கு, அவர்களுக்குச் சோறு. நடைபாதையின் வரைபடத்தில் படகு ஏறும் இடம் காட்டப்படாவிட்டால், அந்தப் பணம் எத்தனை கோடியானாலும் ஹலாலான மனத்தோடு அதை அனுபவிக்க முடியுமா? மனு கோட்டைக்குப் போகுமுன் அதன் நகல் நம் ஜமாஅத்துகளின் அறிவிப்புப் பலகையில் தொங்கட்டும்; கொம்புத்துறைத் தேவாலயத்து வாசலிலும் தொங்கட்டும். நம் வீட்டுப் பெண்களையும் ஒரு நாள் உட்காரவைத்து, எங்கே விளக்கு வேண்டும், எங்கே வேண்டாம் என்று கேளுங்கள். அந்தக் கரையில் எந்த இடம் இருட்டு என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.